அம்மாவின் மாத்திரைப் பணமும் சீஷத்துவத்தின் விலையும்

நெல்லிக்குப்பத்தை அடுத்த ஒரு கிராமத்தில் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் ஒரு நீண்ட கேள்வியை அனுப்பியிருக்கிறார். ஏறத்தாழ ஓராண்டாக அவர் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார், கிறிஸ்துவை விசுவாசிக்கிறார், ஞானஸ்நானம் பெற விரும்புகிறார். தை மாதத்தில் அவருடைய தங்கைக்குத் திருமணம். அதற்குப் போனால் விக்கிரக ஆராதனைக்கு உடன்பட்டதாகும் என்று கூட்டத்தை நடத்துபவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு மாதாமாதம் அனுப்பிவந்த பணத்தையும் இப்போது சபைக் கட்டடத்துக்காகக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பணத்தில்தான் தாயாருக்கு சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வாங்கப்பட்டுவந்தன. தகப்பனார் தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டார். எல்லாவற்றுக்கும் ஆதாரமாக அவருக்குக் காட்டப்பட்ட வசனம் லூக்கா 14:26. “இயேசு உண்மையிலேயே இதைத்தான் கேட்கிறாரா?” என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இயேசு உங்களிடம் முதலிடத்தைக் கேட்கிறார். அதில் சலுகை எதுவும் இல்லை. ஆனால் அந்த முதலிடத்துக்கான விலையை நீங்கள் செலுத்தவேண்டும் என்கிறாரே தவிர, உங்கள் தாயாரைச் செலுத்தவைக்கும்படி எங்கும் சொல்லவில்லை. வீட்டில் ஒவ்வொரு சிக்கல் எழும்போதும், இதற்கான விலையைக் கொடுப்பது யார் என்று கேட்டுப் பார்த்தால், உங்களுக்குக் காட்டப்பட்ட வழியில் எது சீஷத்துவம் (இயேசுவைப் பின்பற்றும் வாழ்வு), எது அதன் பெயரால் நடக்கும் வேறொன்று என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

வசனத்தை முழுவதுமாகவே எடுத்துக்கொள்வோம். “யாதொருவன் என்னிடத்தில் வந்து, தன் தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் சகோதரரையும் சகோதரிகளையும், தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்.” இந்தப் பட்டியலின் கடைசியில் நிற்பது தன் சொந்த ஜீவன். ஜீவனை வெறுப்பது என்றால் தன்னை மாய்த்துக்கொள்வது என்று எந்தச் சபையும் பொருள் சொல்வதில்லை. தன் உயிருக்கும் மேலாகக் கிறிஸ்துவை வைப்பது என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஒரே வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு அந்தப் பொருளைக் கொடுத்துவிட்டு, முதலில் வரும் தகப்பனுக்கும் தாய்க்கும் மட்டும் பகை என்று பொருள் கொடுப்பது நேர்மையான வாசிப்பாகாது. இதே போதனையை மத்தேயு 10:37-இல் “தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல” என்ற வடிவில் காண்கிறோம். தகப்பனை நேசிப்பது அங்கே குற்றமாகச் சொல்லப்படவில்லை. கிறிஸ்துவைவிட அதிகமாக நேசிப்பதுதான் கேள்விக்கு உள்ளாகிறது.

இப்படி விளக்கிவிட்டதால் வசனத்தின் கூர்மை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லூக்கா இந்தச் சொற்களை வைத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். திரளான ஜனங்கள் இயேசுவின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறார்கள்; அவர் திரும்பிப் பார்த்து இதைச் சொல்கிறார். உடனே, கோபுரம் கட்ட நினைத்து அஸ்திபாரத்தோடு நின்றுபோனவனையும், பதினாயிரம் பேரோடு இருபதினாயிரம் பேரை எதிர்க்கலாமா என்று உட்கார்ந்து யோசிக்கும் ராஜாவையும் உவமையாகச் சொல்கிறார். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று மகிழாமல், செல்லும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கூட்டத்தைக் குறைக்கும் பேச்சு அது. அன்றைய கலிலேயாவில் குடும்பம் என்பது பாசத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை. நிலம், தொழில், திருமணம், முதுமைக்கால ஆதரவு, ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமை எல்லாம் அதன் வழியாகத்தான் வந்தன. நம் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் வாழ்கிறவர்களுக்கு அதை விளக்கவேண்டிய தேவையே இல்லை. அந்த முழு அமைப்புக்கும் மேலே தன்னை வைக்கும்படி ஒருவர் கேட்டால், கேட்கப்பட்டவனுக்கு அது வலிக்கத்தான் செய்யும்.

இயேசுவுக்கும் வலித்திருக்கவேண்டும். மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் அவருடைய இனத்தாரே அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டுபோக வருகிறார்கள். அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 வெளிப்படையாகச் சொல்கிறது. தாயும் சகோதரரும் வெளியே நின்று அழைத்தபோது, தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயும் என்று அவர் சொல்லிவிட்டு உள்ளேயே இருந்தார். ஆனால் அதே இயேசு, சிலுவையில் தொங்கும்போது தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்படைத்தார். அன்றுமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். பிற்பாடு அப்போஸ்தலர் 1:14-இல், மேல்வீட்டில் ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தவர்களோடு மரியாளும் அவருடைய சகோதரரும் இருக்கிறார்கள். வீட்டார் தடுத்தபோது தம் ஊழியத்தை விடாதவர் வீட்டாரையும் கைவிடவில்லை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிரசங்கிப்பவர்களிடம் சற்றே எச்சரிக்கையாக இருங்கள்.

அழைப்பும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பனாகிய செபெதேயுவை விட்டுப்போனார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். மாற்கு 1:20 இன்னொரு விவரத்தையும் தருகிறது: அவர்கள் தகப்பனைப் படவிலே கூலியாட்களோடு விட்டுப்போனார்கள். படகு இருந்தது, வலை இருந்தது, வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலுக்குப் போகிற குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள். மகன் இல்லாமல் தொழில் நடப்பதற்கும் ஆளே இல்லாமல் படகு கரையில் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் சொல்வார்கள். பேதுருவின் மாமியார் ஜுரமாய்க் கிடந்தபோது, பின்பற்றத் தொடங்கிய கையோடு எல்லாருமாக அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். கெரசேனர் நாட்டில் பிசாசுகள் நீங்கப்பெற்றவன் கூடவே வரட்டுமா என்று கெஞ்சினான்; அவனை இயேசு உடன் வரவிடாமல், உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப் போ என்று அனுப்பிவைத்தார். சிலருக்கு வீட்டை விடுவது கீழ்ப்படிதல். அந்த மனிதனுக்கு வீட்டுக்குத் திரும்புவதே கீழ்ப்படிதலாக இருந்தது. ஒருவேளை அதுவே கடினமானதாகவும் இருந்திருக்கும், ஏனென்றால் அவனைச் சங்கிலியால் கட்டிவைத்த ஊர் அது.

இனி பணத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் உறுத்தியது திருமணத்தைவிட இதுதான்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கடுங்கோபத்தோடு பேசும் ஓரிடம் இருக்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்யவேண்டிய உதவியை ஒருவன் “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், அதன்பின் அவன் பெற்றோருக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்று அக்காலத்து மதத் தலைவர்கள் விட்டுவைத்திருந்தார்கள். உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு என்னும் கட்டளையை உங்கள் பாரம்பரியத்தினால் அவமாக்குகிறீர்கள் என்று அவர் அவர்களைக் கண்டிக்கிறார். கனம்பண்ணுவது என்பதை அவர் மரியாதைப் பேச்சாகக் கருதவில்லை. சோற்றுக்கும் மருந்துக்குமான காசாகவே கருதினார் என்பது அந்தப் பகுதியை வாசிக்கும் எவருக்கும் தெரியும். பக்தியின் பெயரால் பெற்றோரின் ஆதரவை நிறுத்துவது இயேசுவின் காலத்திலேயே நடைமுறையில் இருந்திருக்கிறது. அதை அவர் பக்தி என்று ஏற்கவில்லை.

உங்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துபவர் நல்லெண்ணம் உள்ளவராகவே இருக்கலாம். கூட்டத்துக்குச் சொந்தக் கூரை வேண்டும் என்ற ஆசை குற்றமும் அன்று. ஆனால் ஒரு தாய் மாத்திரையை நிறுத்தியோ, இரண்டு வேளை போடவேண்டியதை ஒரு வேளையாகக் குறைத்தோ மிச்சமாகும் பணத்தில் எழுப்பப்படும் சுவருக்கு மாற்கு 7-இல் என்ன பெயர் என்பதை அவரிடம் பணிவோடு கேளுங்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுவதைச் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள்: “ஒருவன் தன் சொந்த ஜனங்களையும், விசேஷமாகத் தன் வீட்டாரையும் விசாரியாமற்போனால், அவன் விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்.” அந்த வீட்டார் விசுவாசிகளாக இருந்தால் மட்டும் விசாரிக்கவேண்டும் என்று அந்த வசனத்தில் நிபந்தனை இல்லை. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுப்பதா வேண்டாமா என்பதில் சபைகளுக்குள் பல கருத்துகள் உண்டு. உங்களுடைய மனச்சாட்சிப்படி கொடுங்கள். உங்கள் சாப்பாட்டிலும் கைப்பேசியிலும் வண்டியிலும் குறைத்துக் கொடுத்தால் அது உங்கள் காணிக்கை. அம்மாவின் மருந்துச் சீட்டில் குறைத்துக் கொடுத்தால், கொடுத்தவர் அம்மாதான். அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் பணத்தை நிறுத்திய அன்றிலிருந்து, உங்கள் விசுவாசத்தைப் பற்றி உங்கள் தகப்பனாருக்குத் தெரிந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: அது வந்தபின் மகன் வீட்டைக் கவனிப்பதை விட்டுவிட்டான். வேறெதையும் கேட்க அவருக்கு இப்போது மனம் வராது.

திருமணத்துக்குப் போகலாமா என்பதற்கு என் பதில், கட்டாயம் போங்கள் என்பதே. போவது வேறு, அங்கே நடக்கும் ஒவ்வொன்றிலும் பங்கெடுப்பது வேறு. கொரிந்து நகரத்து விசுவாசிகள் சிலைகளுக்குப் படைத்த இறைச்சி விற்கும் கடைத்தெருவில், அத்தகைய உறவினர்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் பவுல், அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்து, உங்களுக்குப் போக மனமிருந்தால், முன்னே வைக்கப்படுவதை மனச்சாட்சியினிமித்தம் ஒன்றும் விசாரியாமல் சாப்பிடுங்கள் என்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சுட்டிக்காட்டினால் மட்டும் விலகச் சொல்கிறார். அதே நிருபத்தில் கர்த்தருடைய பந்திக்கும் பேய்களுடைய பந்திக்கும் பங்குள்ளவர்களாக இருக்கக்கூடாது என்றும் கண்டிப்பாக எழுதுகிறார். வழிபாட்டில் பங்கு கிடையாது, உறவில் பங்கு உண்டு என்பதே அவர் போட்ட கோடு.

இந்தக் கோட்டை நம் ஊர்த் திருமணத்தில் எங்கே போடுவது? பந்தக்கால் நடும்போது பூசை செய்பவராக நீங்கள் நிற்கவேண்டாம். ஆனால் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுப்பதற்கு எந்த வசனமும் தடையில்லை. பெண்ணின் உடன்பிறந்தவன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மோதிரம் அணிவிக்கும் மைத்துனர் முறை உறவைக் காட்டும் செயல். அதை மனநிறைவோடு செய்யலாம் என்பது என் தீர்ப்பு. அக்னிக்கு முன் பொரி இடச் சொன்னால், சித்தப்பா மகனையோ பெரியப்பா மகனையோ அந்த இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். சிலருடைய மனச்சாட்சி என்னுடையதைவிட இறுக்கமாக இருக்கும்; அவர்களோடு நான் வாதாடமாட்டேன். ஆனால் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்பதை மார்கழியிலேயே தகப்பனாரிடம் நேரில் சொல்லிவிடவேண்டும். மணமேடையில் நூறு பேருக்கு முன்னால் கையை இழுத்துக்கொள்வது சாட்சி ஆகாது. தங்கையின் வாழ்நாள் முழுக்க மாமியார் வீட்டில் பேசப்படும் ஓர் அவமானமாக அது மிஞ்சும். அந்த விலையையும் நீங்கள் கொடுக்கமாட்டீர்கள், அவள்தான் கொடுப்பாள்.

பழைய ஏற்பாட்டில் இதற்கு ஓர் அருமையான துணை இருக்கிறது. குஷ்டரோகம் நீங்கிய சீரியத் தளபதி நாகமான், இனிமேல் கர்த்தரைத் தவிர வேறு தேவர்களுக்குப் பலியிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு சங்கடத்தையும் சொல்கிறான். அவனுடைய எஜமான் ரிம்மோன் கோயிலில் பணிந்துகொள்ளும்போது அவன் கையின்மேல் சாய்ந்துகொள்வான். அப்போது தானும் குனியவேண்டிவரும், இந்தக் காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. “சமாதானத்தோடே போ” என்றார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனுக்கு அவ்வளவு இடம் கொடுத்த தீர்க்கதரிசி, நம் ஊர் ஜெபக்கூட்டங்களில் பலவற்றில் பாவத்தோடு சமரசம் செய்தவர் என்று பெயர் வாங்கியிருப்பார்.

திருமணத்தைவிடக் கடினமானது மரணம். “முன்பு நான் போய் என் தகப்பனை அடக்கம்பண்ண எனக்கு உத்தரவு கொடுக்கவேண்டும்” என்று கேட்டவனிடம், மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும் என்று இயேசு சொன்னதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். அந்தத் தகப்பன் அப்போது உயிரோடுதான் இருந்தான், மகன் காலம் தள்ளப் பார்த்தான் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. அந்த விளக்கத்தின்மேல் நான் பாரம் வைக்க விரும்பவில்லை. ஒரு மகனின் கடமைகளில் மிகப் பெரியது எதுவோ அதற்கும் மேலே இயேசு தம்மை வைத்தார் என்பது அந்த இடத்தில் ஐயமில்லாமல் நிற்கிறது. ஆனால் அதை அவர் எல்லா மகன்களுக்கும் சட்டமாக்கவில்லை. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஸ்தேவானைத் தேவபக்தியுள்ள மனுஷர் எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள். இயேசுவின் உடலையே ஒருவர் துணிந்து பிலாத்துவிடம் கேட்டு வாங்கித் தம்முடைய கல்லறையில் வைத்தார். இறந்தவரை மதித்து அனுப்புவதை ஆதிச்சபை ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை.

கெடிலம் ஆற்றங்கரையில் நான் பார்த்த ஒரு சாவைச் சொல்கிறேன். இறந்தவர் இந்து, மூத்த மகன் பல ஆண்டுகளாகச் சபைக்குப் போகிறவர். வீட்டில் முந்தைய இரவே பேசி முடித்திருந்தார்கள்: கொள்ளிக்குடம் இளையவர் எடுப்பார், நெருப்பும் அவரே வைப்பார். மூத்தவர் பாடையின் முன்காலைத் தோளில் வாங்கிச் சுடுகாடு வரை ஒரு தடவைகூட ஆள் மாற்றவில்லை. வாய்க்கரிசி போடும் நேரத்தில் வரிசையில் நிற்காமல், தகப்பனின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் கையால் மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் பால் தெளிக்கவும் கூடப் போய்த் தள்ளி நின்றார். கருமாதிச் செலவில் தன் பங்கை முழுதாகக் கொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் பந்தியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை சாம்பார் வாளியோடு நடந்தார். முதல் நாள் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட தாய்மாமன், பந்தி முடிந்ததும், “நீ உட்காருடா, உனக்கு நான் போடுறேன்” என்று அவர் கையிலிருந்த வாளியை வாங்கினார். அந்த மனிதர் தம் விசுவாசத்தில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை; மகன் என்ற இடத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் தகப்பனாரின் கோபத்துக்குள் இருக்கும் அச்சங்களையும் பிரித்துப் பாருங்கள். எல்லாமே சாமியைப் பற்றியதாக இருக்காது. நிலம் என்ன ஆகும் என்று அவர் நினைக்கலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மதம் மாறியதால் மட்டும் ஒரு மகன் தகப்பனின் சொத்தில் வாரிசுரிமையை இழப்பதில்லை. ஆனால் மதம் மாறியபின் அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துக்களாக இருந்தாலொழிய, இந்து உறவினர்களின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்று அதன் 26-ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்ததானால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்கீழ் கிறிஸ்தவராகிறவர் அந்தத் தகுதியை இழக்கிறார். இந்த ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்று நான் கருதுகிறேன். அதற்கு அஞ்சித் தம் ஞானஸ்நானத்தை வெளியில் சொல்லாமல் இருப்பவர்களைத் தீர்ப்பிட எனக்கு மனம் வருவதில்லை. ஒருவர் மாறியதால் வீட்டிலுள்ள தம்பி தங்கையரின் நிலை சட்டப்படி மாறுவதில்லை என்பதையாவது தகப்பனாருக்குத் தெரியப்படுத்துங்கள். பாதி அச்சம் அதில் தீரக்கூடும்.

இதுவரை விசுவாசிக்கும் மகன், விசுவாசியாத வீடு என்ற கோணத்தில் எழுதினேன். ஆனால் லூக்கா 14:26 தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருக்கும் குடும்பங்களையும் வெட்டும். எங்கள் பக்கத்தில் அந்த வெட்டு வாங்காமல் தப்பித்தவர்களே அதிகம். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில், 1745-ஆம் ஆண்டில், புதுச்சேரிக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து பிரித்து நின்ற சுவரைப் பற்றியும் அதை எடுக்கச் சொல்லி எழுந்த முறையீட்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் இடையே எழுந்த மோதல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போவதில் முடிந்தது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் இவர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் தகப்பன், வேறு சாதி விசுவாசி ஒருவனை மகள் விரும்பினால், “சொந்தக்காரன் முகத்தில் எப்படி முழிப்பேன்” என்கிறார். சொந்தம் கிறிஸ்துவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். உங்களைத் தங்கையின் திருமணத்துக்குப் போகவேண்டாம் என்று தடுப்பவர்களின் வீடுகளில் வரன் தேடும்போது முதல் கேள்வி என்னவாக இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். குறை கண்டுபிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வசனத்தைப் புதிதாக வந்த ஒரு பையனின் மேல் மட்டும் சுமத்திவிட்டுப் பழைய வீடுகள் தப்பித்துக்கொள்வது சரியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சபைக்கு இன்னொரு கடனும் உண்டு. எல்லாவற்றையும் விட்டு வந்தோமே என்று பேதுரு சொன்னபோது, என்னிமித்தம் வீட்டையாவது உறவையாவது விட்டவன் இம்மையிலேயே, துன்பங்களோடேகூட, நூறத்தனையாக வீடுகளையும் சகோதரரையும் தாய்களையும் பிள்ளைகளையும் நிலங்களையும் அடைவான் என்று இயேசு சொன்னார். விட்டதன் பட்டியலில் தகப்பன் உண்டு. பெறுவதன் பட்டியலில் தகப்பன் இல்லை. அந்த இடத்துக்குப் பரலோகத்திலிருக்கிற பிதா ஒருவரே என்று பலர் விளக்குவார்கள். சபைக்குள் ஒருவர் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கட்டளையிடக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்துப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவை எப்படி நிறைவேறும்? ஒருவன் துரத்தப்பட்டு வந்தால் அவனுக்குக் கதவு திறக்கும் வீடுகளும், அவனுக்குச் சோறு போடும் தாய்மார்களும் சபையில் இருந்தால்தான் நிறைவேறும். 1860-களில் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய லுத்தரன் மிஷனைப் போன்றவை, ஊரிலும் உறவிலும் இடம் இழந்தவர்களுக்குக் குடியிருப்பும் பள்ளியும் வேலையும் கொடுக்கப் பார்த்தன. மிஷன் வளாகங்களில் பலர் மிஷனரியையே நம்பி வாழும் பழக்கத்துக்கு ஆளானதும் உண்மைதான். ஆனாலும் விட்டுவிட்டு வா என்று சொன்னவர்கள் வந்தவனுக்கு இடம் கொடுத்தார்கள். உங்களை வீட்டை விடச் சொல்கிறவரிடம் கேளுங்கள்: பொங்கலன்று நான் யார் வீட்டில் சாப்பிடுவேன்? எனக்கு டெங்கு வந்தால் ஜிப்மரில் இரவு யார் துணைக்கு உட்காருவார்கள்? பெயர் சொல்லிப் பதில் வந்தால், அவருடைய வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள்.

இவ்வளவு சொன்னபிறகும் உடையும் இடம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஒருநாள் உங்கள் தகப்பனார், கிறிஸ்துவை மறுதலித்தால்தான் இந்த வீட்டு வாசலை மிதிக்கலாம் என்று சொல்லக்கூடும். அன்றைக்கு வீட்டைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உத்தரவு கிடையாது. கார்த்தேஜ் நகரத்தில் 203-ஆம் ஆண்டில் பெர்பெத்துவா என்ற இளம் தாய் சிறையில் இருந்தபோது, அவளுடைய தகப்பன் வந்து, என் நரைத்த தலையைப் பார், பால்குடிக்கும் உன் பிள்ளையைப் பார் என்று காலில் விழுந்து கெஞ்சினார். அவள் அவருக்காக வருந்தினாள். நான் கிறிஸ்தவள் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. பஞ்சாபில் சுந்தர் சிங்கைத் தகப்பன் வீட்டைவிட்டு விலக்கினார். 1905-இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்ற அந்தச் சீக்கியக் குடும்பத்துப் பையன் வெறுங்கையோடுதான் வெளியே போனான். பிற்காலத்தில் அந்தத் தகப்பனும் விசுவாசத்துக்கு வந்தார். அப்படி வராத தகப்பன்மார்களும் ஏராளம். அது நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கமுடியாது. ஆனால் இந்த இரண்டு பேரும் வீட்டைத் தள்ளிவிடவில்லை; சுந்தர் சிங்கை வீடுதான் தள்ளியது. கதவை அடைக்கும் கை உங்களுடையதாக இருக்கக்கூடாது. “கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்” என்று பவுல் எழுதும்போது, உங்களால் ஆகாத ஒரு பங்கும் இருக்கிறது என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார்.

விலை இடம் மாறும்போது எவ்வளவு சிக்கலாகும் என்பதற்கு ஒரு தமிழ் வரலாறும் உண்டு. மறவ நாட்டுத் தடியத் தேவர் கிறிஸ்தவரானபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அந்த நாட்டு அரசரான சேதுபதியின் உறவுப் பெண். அவளுடைய முறையீடு அரசர் காதுக்குப் போய், 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில், தடியத் தேவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிஷனரி அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டது. அருளானந்தரை மறைசாட்சியாக நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் ஒருவருடைய மனமாற்றத்துக்காகத் தாங்கள் கேட்காமலேயே வீடு இழந்த அந்தப் பெண்களைப் பற்றி எத்தனை திருவிழாப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்?

உங்கள் திருமணம் பற்றி ஒரு வரி மட்டும்: தங்கையின் கல்யாணம் முடிந்ததும் உங்களுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழும். ஞானஸ்நானத்தை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளாதீர்கள். அதற்குள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்யவேண்டியவை. இந்த மாதச் சம்பளம் வந்தவுடன் முதலில் அம்மாவின் மாத்திரைக்கான பணத்தை அனுப்புங்கள். நிறுத்தி வைத்த மாதங்களுக்கானதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்புங்கள். ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தகப்பனாருக்குத் தெரியாமல் வேண்டாம். அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கடலூர் பஸ் ஏறி ஊருக்கே போங்கள். கரும்பு வெட்டு நடக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது; கத்தியை வாங்கிக்கொண்டு வயலில் இறங்குங்கள், பேச்சைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளலாம். பூசைக்கு நிற்கமாட்டேன், மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் மூத்தவன், பந்தல் செலவு என்னுடையது என்று சொல்லுங்கள். அவர் திட்டுவார். திட்டி முடிக்கும் வரை எதிர்ப்பேச்சுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள், அன்றிரவு வீட்டிலேயே தங்குங்கள், தங்கையிடம் அவளுக்கு என்ன வாங்கவேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் வேலைக்குத் திரும்புங்கள்.